ஃபாக்ஸ்புரோ நின்றுவிட்டது, பில் போடுவது நிற்கவில்லை: பழைய மென்பொருளை உடையாமல் மாற்றுவது எப்படி

தரவுத்தள மென்பொருள் எழுத உதவும் விஷுவல் ஃபாக்ஸ்புரோவில் 9-ஆம் பதிப்புக்குப் பிறகு 10 வராது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது 2007 மார்ச்சில். அதே ஆண்டு அக்டோபரில் வந்த சர்வீஸ் பேக் 2-தான் கடைசி. நீட்டித்த ஆதரவும் 2015 ஜனவரி 13-உடன் முடிந்தது. ஆனாலும் அதில் எழுதிய பில்லிங், ஸ்டாக், சம்பளக் கணக்கு மென்பொருள்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஒன்று உங்கள் பொறுப்பில் இருந்தால் எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடலாம், எங்கே அடி விழும் என்பதற்கான கையேடு இது. வேறு கருவியில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

நின்றது எது?

ஒரு கருவியை நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அது ஓடுவது நம் கணினியிலா அவர்கள் சர்வரிலா என்பதை. செல்போன் செயலிகளின் தரவைச் சர்வரில் வைத்துக்கொண்ட, ஃபேஸ்புக்கிடம் இருந்த பார்ஸ் சேவையை மூடப்போவதாக 2016 ஜனவரியில் சொன்னார்கள். ஒரே வருடத்தில் சர்வரை அணைத்துவிட்டார்கள். உலாவியில் அனிமேஷன் காட்டிய ஃபிளாஷ் நம் கணினியில்தான் இருந்தது, ஆனால் தேதி பார்த்து ஓடும்படி உள்ளேயே ஏற்பாடு இருந்ததால் 2021 ஜனவரி 12 முதல் எதையும் காட்ட மறுத்தது. இந்த இரண்டு ரகத்திலும் காலண்டர்தான் எஜமான், வேறு வேலையை ஒதுக்கிவிட்டு மாற்ற வேண்டும்.

ஃபாக்ஸ்புரோ மூன்றாவது ரகம். விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9-இல் உருவாக்கிய 32 பிட் நிரல் விண்டோஸ் 11-லும் ஓடுகிறது. எனவே அவசரப்பட்டு எல்லாவற்றையும் புதிதாக எழுத உட்காராதீர்கள். அந்த வேலைதான் பெரும்பாலும் பாதியில் நிற்கும். (டாஸ் கால 2.6-இல் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. 64 பிட் விண்டோஸில் டாஸ் நிரல் நேரடியாக ஓடாது. விடாஸ் அல்லது டாஸ்பாக்ஸ் உள்ளே ஓட்டித்தான் சமாளிக்க வேண்டும்.)

மனு போட்டால் மனம் மாறுவார்களா என்றால், 2007-லேயே ஸ்பானிஷ் பேசும் ஃபாக்ஸ்புரோக்காரர்கள் ‘மாஸ்ஃபாக்ஸ்புரோ’ என்று கையெழுத்து இயக்கம் நடத்திப் பார்த்துவிட்டார்கள். முடிவு மாறவில்லை. செட்னா என்ற துணைக் கருவித் தொகுப்பை மட்டும் மைக்ரோசாஃப்ட் தன் கோட்பிளெக்ஸ் என்ற திறமூலத் தளத்தில் வெளியிட்டது. மைய எஞ்சின் வெளியே வரவில்லை. வேடிக்கை என்னவென்றால் அந்தக் கோட்பிளெக்ஸையே 2017-இல் மூடிவிட்டார்கள். அங்கிருந்த, ஃபாக்ஸ்புரோ பயனர்களே எழுதிய விஎஃப்பிஎக்ஸ் கருவிகள் கிட்ஹப்புக்குக் குடிபெயர்ந்தன. அதனால் தேவையான ஒவ்வொன்றையும் இறக்கி உங்கள் வட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இருக்கிறதே என்று நம்பி விடாதீர்கள்.

முதல் வாரம்: இருப்பதைப் பத்திரப்படுத்துதல்

1. ஹைப்பர்-வி அல்லது விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு மெய்நிகர் கணினி உருவாக்கி, ஃபாக்ஸ்புரோ 9, சர்வீஸ் பேக் 2, அதன் பின் வந்த ஹாட்ஃபிக்ஸ் ஆகியவற்றை இதே வரிசையில் நிறுவுங்கள். வெர்ஷன் ஃபங்ஷனுக்கு 4 கொடுத்தால் பில்ட் எண் தெரியும்: சர்வீஸ் பேக் 2 மட்டும் என்றால் 5815, ஹாட்ஃபிக்ஸோடு 7423.

2. அதே மெய்நிகர் கணினியில், கையிலுள்ள மூல நிரலிலிருந்து எக்ஸியைப் புதிதாக பில்ட் செய்யுங்கள். கடையில் ஓடும் எக்ஸியும் இதுவும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றனவா என்று பாருங்கள். இந்தச் சோதனையில் தோற்பவர்கள் நிறைய. கடைசியாகச் செய்த திருத்தம் யாரோ ஒருவருடைய பழைய லேப்டாப்பில் இருக்கும். மூலமே தொலைந்துபோயிருந்தால் ரீஃபாக்ஸ் என்ற கருவி எக்ஸியிலிருந்து பெரும்பகுதியை மீட்கும். உங்களுக்கு உரிமை உள்ள நிரலுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

3. ரன்டைம் கோப்புகளை எடுத்து வையுங்கள்: விஎஃப்பி9ஆர், விஎஃப்பி9டி, விஎஃப்பி9ரெனு, எம்எஸ்விசிஆர்71, ஜிடிஐபிளஸ் ஆகிய டிஎல்எல்கள். ரிப்போர்ட் பிஹேவியர் 90 என்று வைத்திருந்தால் ரிப்போர்ட் பிரிவியூ, ரிப்போர்ட் அவுட்புட் என்ற இரண்டு ஆப் கோப்புகளும் எக்ஸியோடு போக வேண்டும். ‘எங்கள் மெஷினில் பிரிவியூ வருகிறது, கடையில் வரவில்லை’ என்ற புகாருக்கு வழக்கமான காரணம் இந்த இரண்டும் விட்டுப்போனதுதான்.

4. திரைகள், கிளாஸ்கள், ரிப்போர்ட்கள், மெனுக்கள் எல்லாமே உள்ளுக்குள் டிபிஎஃப் (ஃபாக்ஸ்புரோ தரவு வைக்கும் கோப்பு வகை) டேபிள்கள்தான். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ கருவியில் போட்டால் என்ன மாறியது என்று படிக்க முடியாது. விஎஃப்பிஎக்ஸில் உள்ள ஃபாக்ஸ்பின்டூபிஆர்ஜி அவற்றை உரைக் கோப்பாக மாற்றும், திரும்பவும் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும். முதல் கமிட் போடும் முன்பே இதை ஓட்டிவிடுங்கள்.

5. மெய்நிகர் கணினியை அணைத்து அதன் வட்டுக் கோப்பை இரண்டு வெவ்வேறு டிரைவ்களில் பிரதி எடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூட் செய்து பாருங்கள்.

எத்தனை திரை உண்மையில் தேவை

ப்ராஜெக்ட் கோப்பும் ஒரு டேபிள்தான் என்பதால் திறந்து வகைவாரியாக எண்ணிவிடலாம். எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன், எல்லாத் திரைகளுக்கும் பொதுவான அடிப்படைக் கிளாஸின் இனிட்டில் (திரை திறக்கும்போது ஓடும் பகுதி) ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: திரையின் பெயர், பயனர், தேதி, நேரம் ஒரு லாக் டேபிளில் விழட்டும். ரிப்போர்ட்களுக்கும் அப்படியே. மூன்று மாதம் ஓடவிட்டால் யாரும் தொடாதவை தெரிந்துவிடும். ஆண்டு முடிவுக் கணக்கு, தீபாவளி போனஸ் போன்றவை வருடத்துக்கு ஒருமுறைதான் திறக்கப்படும். அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பயன்படாத ரிப்போர்ட்டைப் புது மொழியில் மாற்றி எழுதிக்கொண்டிருப்பதைப் போல வெட்டி வேலை வேறில்லை.

தரவு முதலில், திரை பிறகு

எங்கள் பரிந்துரை இதுதான்: டேபிள்களை ஒரு எஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு மாற்றிவிட்டு, ஃபாக்ஸ்புரோ திரைகளையே அதனுடன் பேச வையுங்கள். திரைகளை அதன் பிறகு ஒவ்வொன்றாகப் புதுக் கருவிக்கு நகர்த்தலாம். இடையில் எந்த நாளிலும் கடை நிற்காது. உண்மையான ஆபத்தும் தரவில்தான் இருக்கிறது. ஒரு டிபிஎஃப் கோப்பு 2 ஜிபியைத் தாண்ட முடியாது. மெமோ எனும் நீளமான உரையை வைக்கும் எஃப்பிடி கோப்புக்கும் அதே வரம்பு. மெமோவைத் திருத்தும்போது பழைய இடம் வீணாகிக் கோப்பு ஊதிக்கொண்டே போகும், பேக் மெமோ கொடுத்தால்தான் சுருங்கும். எல்லாக் கோப்புகளின் அளவையும் இன்றே ஒருமுறை பாருங்கள். 1.5 ஜிபியைத் தொட்டது எது இருந்தாலும் அதுதான் உங்கள் அவசரம்.

நெட்வொர்க்கில் இண்டெக்ஸ் அடிக்கடி கெடுவது இன்னொரு பழைய நோய். கோப்பின் பகுதிகளைக் கிளையன்ட் கணினி தன்னிடமே வைத்துக்கொள்ளும் எஸ்எம்பி (விண்டோஸ் கோப்புப் பகிர்வு முறை) கேஷ்தான் பல நேரங்களில் குற்றவாளி. விண்டோஸ் சர்வரில் அந்த ஷேருக்கு மட்டும் லீசிங் மோடை ‘நன்’ (எதுவும் வேண்டாம்) என்று வைக்கலாம். எஸ்எம்பி 1-க்குத் திரும்பிப் போகச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். 2017-இல் வான்னாக்ரை என்ற பணயத் தீம்பொருள் பரவியது அந்த ஓட்டை வழியாகத்தான்.

பிரதி எடுக்கும்போது டிபிஎஃப், சிடிஎக்ஸ் (இண்டெக்ஸ்), எஃப்பிடி மூன்றும் சேர்ந்தே போக வேண்டும். எஃப்பிடியை விட்டுவிட்டால் மெமோ கோப்பு இல்லை என்று டேபிளே திறக்காது.

டெக்ஸ்ட் கோப்பாக ஏற்றுமதி செய்து மாற்றலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: காப்பி டு கட்டளையில் டைப் சிஎஸ்வி என்று கொடுத்தால் மெமோ ஃபீல்டுகள் வராது, விட்டுவிட்டேன் என்று எச்சரிக்கையும் வராது. எனவே ஃபாக்ஸ்புரோவுக்குள்ளேயே ஒரு சிறு நிரல் எழுதி, ரெக்கார்டு ரெக்கார்டாக ஓடிபிசி (தரவுத்தளங்களோடு பேசும் பொது இணைப்பு முறை) வழியாகத் தள்ளுவதே நல்லது. ஒரு முறை ஓட்டுகிற வேலைக்கு வேகம் முக்கியமில்லை.

எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் இலவசம். 2022 பதிப்பு வரை ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி வரம்பு, பெரும்பாலான கடைகளுக்கு அது தாராளம். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் அந்த வரம்பும் இல்லை. எதை எடுத்தாலும் ஓடிபிசி டிரைவர் 32 பிட்டாக இருக்க வேண்டும். டிஎஸ்என் எனும் இணைப்பு அமைப்பை உருவாக்கும்போது சிஸ்டம்32-க்குள் இருக்கும் ஓடிபிசி நிர்வாகியைத் திறந்தால் அது 64 பிட். ஃபாக்ஸ்புரோவுக்கு வேண்டியது சிஸ்வாவ்64-க்குள் இருப்பது. பெயர் குழப்பும், இரண்டு கோப்புக்கும் ஓடிபிசிஏடி32 என்றே பெயர். ஃபாக்ஸ்புரோவின் ஓஎல்இடிபி டிரைவரும் 32 பிட்டில் மட்டும்தான் உண்டு, அதனால் 64 பிட் கருவிகளின் பட்டியலில் அது தெரியாது.

தரவை ஏற்றும்போது சிக்கும் முட்கள்:

நீக்கிய ரெக்கார்டுகள் உண்மையில் நீங்குவதில்லை. ரெக்கார்டின் முதல் பைட்டில் நட்சத்திரக் குறி விழும், பேக் செய்யும்வரை உள்ளேயே கிடக்கும். செட் டெலிடட் ஆன் என்பது அதை மறைக்கிறது, அவ்வளவுதான். பைதான் போன்ற வெளிக் கருவியால் டிபிஎஃப்பைப் படித்தால் அது நீக்கல் குறியை மதிக்கிறதா என்று சோதியுங்கள். இல்லாவிட்டால் ரத்து செய்த பில்கள் உயிர்த்தெழுந்து விற்பனையில் சேரும்.

காலித் தேதி ஃபாக்ஸ்புரோவில் செல்லுபடியாகும், எஸ்கியூஎல்லில் இல்லை. அப்படியே அனுப்பினால் 1899 டிசம்பர் 30 என்றோ 1900 ஜனவரி 1 என்றோ போய் உட்காரும். அடுத்த நாள் ‘120 வருட பாக்கி’ என்று ரிப்போர்ட் வரும். அனுப்புமுன் காலியா என்று பார்த்து, ‘நல்’ (மதிப்பே இல்லை என்ற குறி) என மாற்றுங்கள்.

எண் ஃபீல்டில் அகலம் 6, தசமம் 2 என்றால் புள்ளியும் அந்த 6-க்குள் அடக்கம், அதாவது 999.99 வரை. ஆனால் பெரிய எண் வந்தால் ஃபாக்ஸ்புரோ தசமத்தைத் தியாகம் செய்து இடம் பண்ணிக்கொடுக்கும். அதையும் மீறினால் நட்சத்திரங்களாக நிரப்பும். அமைப்பைப் பார்த்து வகையைத் தீர்மானிக்காமல், ஒவ்வொரு ஃபீல்டிலும் உள்ள அதிகபட்ச மதிப்பை எடுத்துப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

ஒப்பிடும் முறையும் வேறு. செட் எக்ஸாக்ட் ஆஃப் நிலையில் ‘123’ சமம் ‘12’ என்று கேட்டால் ஃபாக்ஸ்புரோ ஆம் என்று சொல்லும், வலது பக்கத்தின் நீளத்துக்கு மட்டுமே ஒப்பிடுவதால். எஸ்கியூஎல் அப்படிச் சொல்லாது. எழுத்து விஷயத்தில் நேர்மாறு: ஃபாக்ஸ்புரோ பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறாகப் பார்க்கும், எஸ்கியூஎல் சர்வரின் வழக்கமான கொலேஷன் (எழுத்து ஒப்பீட்டு விதி) ஒன்றாகப் பார்க்கும். சின்ன எழுத்தில் ஒரு குறியீடு, பெரிய எழுத்தில் அதே குறியீடு என்று இரண்டு வாடிக்கையாளர் இருந்தால் பிரைமரி கீ போடும்போது இடிக்கும்.

தமிழில் பெயர் ஏற்றியிருந்தால்

ஃபாக்ஸ்புரோவுக்கு யூனிகோட் தெரியாது. எனவே டிபிஎஃப்பில் இருக்கும் தமிழ், பாமினி, டாப், டாம், டிஸ்கி போன்ற ஏதோ ஒரு பழைய எழுத்துரு முறையில்தான் இருக்கும். முதல் வேலை எந்த எழுத்துரு என்று கண்டுபிடிப்பது: திரையின் எழுத்துருப் பண்பையும் ரிப்போர்ட்டையும் பாருங்கள்.

பாமினியில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்ந்திருக்கின்றன. ஒரே ஃபீல்டில் சிலர் தமிழிலும் சிலர் ஆங்கிலத்திலும் ஏற்றியிருந்தால் எது எது என்று நிரலுக்குத் தெரியாது. ஆங்கிலக் கம்பெனிப் பெயர் அர்த்தமற்ற தமிழாக மாறிவிடும். டாப், டிஸ்கி இரண்டிலும் 256 பைட் மதிப்புகளில் ஆங்கிலம் கீழ்ப்பாதியிலும் தமிழ் மேல்பாதியிலும் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

மாற்றும்போது வரிசை முக்கியம். பழைய முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், அதாவது கொம்பு முதலில், எழுத்து பிறகு, கால் கடைசியில் என்று சேமித்திருக்கும். யூனிகோடில் எழுத்துதான் முதலில். எனவே கொம்பு, எழுத்து, கால் மூன்றும் சேர்ந்த வடிவங்களை முதலில் மாற்றிவிட்டு, அதன் பிறகு கொம்பும் எழுத்தும் மட்டும் உள்ளவற்றை மாற்ற வேண்டும். தலைகீழாகச் செய்தால் ‘கொ’ என்பது ‘கெ’யும் தனிக் காலுமாகச் சேமிக்கப்படும். திரையில் சரியாகவே தெரியும், தேடினால் மட்டும் கிடைக்காது. கடைசியில் என்எஃப்சி இயல்பாக்கம் (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் முறை) ஒருமுறை ஓட்டினால் இது சரியாகும். அதனாலும் தீராதது ஔகாரம்: பழைய எழுத்துருக்களில் அதன் பின்பாதிக்கு ளகரத்தையே அடித்திருப்பார்கள், அதனால் ‘கௌரி’ ‘கெளரி’ ஆகிவிடும். அப்படி வருபவற்றைத் தனியே பட்டியலிட்டுக் கண்ணால் பாருங்கள். வேறு வழியில்லை.

இதற்கு முன்பே கெட்டுப்போக ஓர் இடம் உண்டு. டிபிஎஃப் தலைப்பில் கோட்பேஜ் (எந்தப் பைட்டுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை) குறி ஒன்று இருக்கும். அது 437 என்றும் விண்டோஸில் 1252 என்றும் இருந்தால், திறக்கும்போது ஃபாக்ஸ்புரோ மேல்பாதிப் பைட்டுகளை மொழிபெயர்க்கும். டாப், டிஸ்கித் தமிழ் சிதையும். ஃபீல்டுக்கு நோசிபிடிரான்ஸ் போட்டால் பைட்டை அப்படியே விட்டுவிடும்.

எல்லாவற்றையும் யூனிகோடாக்கி எஸ்கியூஎல்லில் ஏற்றியாயிற்று என்று மகிழ்ந்து பழைய ஃபாக்ஸ்புரோத் திரையைத் திறந்தால் பெயர் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி நிற்கும். தமிழுக்கு விண்டோஸில் பழைய வகைக் கோட்பேஜ் கிடையாது என்பதால் யூனிகோடிலிருந்து இறக்கித் தர அதற்கு வழியில்லை. திரைகள் முழுக்க மாறும்வரை இரண்டு ஃபீல்டு வைத்திருங்கள்: பழைய பைட்டுகளுக்கு வர்பைனரி வகையில் ஒன்று, யூனிகோடுக்கு என்வர்சார் வகையில் ஒன்று. ஃபாக்ஸ்புரோ முதலாவதில் எழுதட்டும். இரவில் ஒரு வேலை இரண்டாவதை நிரப்பட்டும்.

திரைகளை இணைத்தல்

எஸ்கியூஎல் கட்டளையை நேரடியாக அனுப்பும் பாஸ்-த்ரூவோ, 8-ஆம் பதிப்பில் வந்த கர்சர் அடாப்டரோ, இணைக்க எதுவாயினும் சரி. அடிக்கடி நடக்கும் தவறு, யூஸ் கட்டளை இருந்த இடத்தில் டேபிள் முழுவதையும் செலக்ட் செய்வது. டிபிஎஃப்பைத் திறப்பது கதவைத் திறப்பது மாதிரி, உள்ளே இருப்பது அங்கேயே இருக்கும். எஸ்கியூஎல்லில் மூன்று லட்சம் வரிசையும் நெட்வொர்க்கில் வரும். திரை எதைக் கேட்கிறதோ அந்தப் பில், அந்தத் தேதி வரம்பு மட்டும் எஸ்கியூஎல்லின் ‘வேர்’ நிபந்தனையோடு எடுங்கள். ரிப்போர்ட்களில் கை வைக்கவே வேண்டாம். அதே பெயரில், அதே ஃபீல்டுகளோடு ஒரு கர்சரை (தற்காலிக டேபிள்) உருவாக்கிக் கொடுத்தால் அவை வித்தியாசமே அறியாமல் ஓடும்.

பிரிண்டர் மாற்றிய பிறகு ரிப்போர்ட் தவறான பிரிண்டருக்குப் போகிறதென்றால், வடிவமைத்தபோது இருந்த பிரிண்டரின் விவரம் ரிப்போர்ட் கோப்பான எஃப்ஆர்எக்ஸுக்குள் பதிந்திருக்கிறது. ரிப்போர்ட்டை டேபிளாகத் திறந்து முதல் ரெக்கார்டில் டேக், டேக்2 இரண்டையும் காலி செய்யுங்கள். எக்ஸ்பிஆர் ஃபீல்டில் தாளின் திசை, அளவு வரிகளை மட்டும் விட்டு மற்றதை அழித்துவிடுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு செய்யுங்கள்.

புதுத் திரையை எதில் எழுதுவது என்பதில் அதிகம் வாதிட வேண்டியதில்லை. அடுத்த பத்து வருடம் பராமரிக்கப்போகும் ஆளுக்குத் தெரிந்த மொழியில் எழுதுங்கள். நிரல் மிகப் பெரிது, ஆனால் தர்க்கம் நன்றாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கிறது என்றால் ஃபாக்ஸ்புரோ இலக்கணத்தைப் புரிந்துகொள்ளும் எக்ஸ் ஷார்ப் என்ற திறமூலக் கம்பைலரைப் பாருங்கள். திரைகள் அப்படியே வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனம் என்றால் 2023 ஆகஸ்ட் 1 முதல் ஜிஎஸ்டி மின்-ரசீது (இ-இன்வாய்ஸ்) கட்டாயம். வெளி சர்வரோடு பேசும் அந்தப் பகுதியை முதலில் புதுக் கருவியில் தனிச் சேவையாக எழுதுவது லாபம்.

இரண்டையும் சேர்த்து ஓட்டும் மாதம்

நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1-ஐ மாற்றும் நாளாக வைத்து, ஜனவரி, பிப்ரவரியில் இணையாக ஓட்டுங்கள். மார்ச்சில் எதையும் தொடாதீர்கள். தினமும் இரவு ஒப்பிட வேண்டியவை: பில்களின் எண்ணிக்கை, விடுபட்ட பில் எண்கள், வரி விகிதவாரியாக விற்பனை, ஒவ்வொரு கணக்கின் இறுதி இருப்பு.

பைசா கணக்கில் வித்தியாசம் வந்தால் முதலில் தசமத்தைச் சுருக்கும் ‘ரவுண்ட்’ ஃபங்ஷனைச் சந்தேகியுங்கள். 12.125 என்பதை ஃபாக்ஸ்புரோ 12.13 ஆக்கும். சி ஷார்ப்பின் மேத் ரவுண்டும் பைதானின் ரவுண்டும் 12.12 ஆக்கும், சரிபாதி வந்தால் இரட்டை எண் பக்கம் சாய்வது அவற்றின் வழக்கம். சி ஷார்ப்பில் ‘அவே ஃப்ரம் ஜீரோ’ என்ற முறையைக் கொடுக்க வேண்டும். பைதானில் டெசிமல் வகையோடு ‘ஹாஃப் அப்’. ஒரு பில்லில் 1 பைசா, மாதக் கடைசியில் ஆடிட்டரிடம் விளக்கம்.

மாற்றி முடித்ததும் பழைய டேபிள்களை அழிக்காதீர்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், கம்பெனி சட்டத்தில் 8 ஆண்டு. முதல் வாரத்தில் எடுத்து வைத்த மெய்நிகர் கணினிக்குள் கடைசி நாள் தரவைப் படிக்க மட்டும் முடிகிற அனுமதியோடு போட்டு, நெட்வொர்க்கைத் துண்டித்து வையுங்கள். திறக்கும்போதே லாக் எழுத முயலும் நிரலாக இருந்தால் அந்த ஒரு டேபிளுக்கு மட்டும் எழுத அனுமதி கொடுங்கள். உள்ளே நுழையும் பாஸ்வேர்டைக் கடை முதலாளியிடமும் ஆடிட்டரிடமும் காகிதத்தில் கொடுத்துவிடுங்கள்.